எழுதியவனே சுமக்கும் புத்தகம்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் இலக்கிய அன்பர்கள் கூடிய மாலையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாவல் எழுதுவது எப்படி, எழுதியதைத் தானே பிரசுரிப்பது எப்படி, பிரசுரித்ததை விற்பது எப்படி என்னும் மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரே மாலையில் விடை கூறவேண்டும் என்று நண்பர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். முதற் கேள்வியைப் பற்றிப் பேச நம்மில் எவருக்கும் கூச்சம் இல்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது அச்சகத்துக்காரர்மீது இரண்டொரு குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். மூன்றாவதைப் பற்றியோ, வீட்டுக் கடனைப் பற்றி வெளியாரிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுகிறோம். ஆகையால் அந்த மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்க உத்தேசித்திருக்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரே எனக்குத் துணை நிற்கிறது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த கோலாலம்பூரைக் குலைத்துப் போட்டபின், இனி இந்நகரம் செங்கல்லால் எழவேண்டும் என்று ஆட்சியாளர் தீர்மானித்தார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்டெடுத்த சூளைகள் இருந்த நிலம் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. எவ்வளவு பக்குவமாக வெந்த செங்கல்லாயினும், சூளையடியிலேயே அடுக்கிக் கிடந்தால் அது சுவராவதில்லை. என் வீட்டுக் கட்டிலுக்கடியில் பழுப்புக் காகிதத்தில் கட்டிய நான்கு கட்டுப் புத்தகங்கள் ஏழு ஆண்டுகள் கிடந்தன. அவற்றுக்குள் இருந்ததை நான் நாவல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது வெந்த மண் மாத்திரமே என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஏழு ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

அந்தக் கட்டுகள் அங்கே வந்த கதையைச் சொல்லுகிறேன்; அது என் ஒருவனுடைய கதை அன்று. இந்நாட்டில் நாவல் எழுதிய ஒருவன், தன் சேமிப்பிலோ மனைவியின் நகைமீதோ பணம் திரட்டி 500 பிரதி அச்சிடுகிறான். பிறகு நூல் வெளியீட்டு விழா. வசதியுள்ளவருக்கு விஸ்மா துன் சம்பந்தனிலுள்ள சோமா அரங்கம். அவ்வளவு இயலாதவருக்குக் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி மண்டபமோ கிடைக்கும். குத்துவிளக்கு ஏற்றி, தமிழ் வாழ்த்துப் பாடி, வரவேற்புரை முடிந்ததும், நூலின் அறுபதாம் பக்கம் வரையில் படித்துவிட்டு வந்த அறிஞர் ஒருவர் முழு நூலையும் ஆய்வு செய்கிறார். பிரமுகர் தாமதமாக வருகிறார். அவர் வந்ததும் ஆய்வு பாதியில் நின்று, மாலை விழுகிறது. தட்டில் வைத்துப் பளபளக்கும் தாளில் சுற்றிய முதல் நூலை டத்தோ பட்டம் பெற்ற ஒருவர் வாங்கிக்கொண்டு ஓர் உறையை நீட்டுகிறார். அவருக்குப் பின்னே சிறப்பு நூல் பெறுவோர் வரிசையாக மேடையேறி, ஒவ்வோர் உறையைக் கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கு நின்று இறங்குகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வீட்டு மேசைமேல் உறைகளைப் பிரித்து எண்ணும்போது, அச்சுக் கூலியும் மண்டப வாடகையும் மீகூன் விருந்துச் செலவும் போக, கையில் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது. நூல் வெற்றியடைந்துவிட்டது என்று எழுதியவன் நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறான். கட்டிலுக்கடியில் 200 பிரதிகள் இருக்கின்றன.

இந்தச் சம்பிரதாயத்தை நான் பரிகசிக்க வரவில்லை. இது நம்முடைய மொய் நாகரிகத்தின் பிள்ளை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒருவர்க்கொருவர் தோள்கொடுத்த தோட்டத்துச் சனங்கள், புத்தகத்துக்கும் அவ்வாறே தோள்கொடுத்தார்கள். அந்த உறைகள் இல்லாதிருந்தால் இந்நாட்டுத் தமிழ் நாவல்களில் பாதி அச்சேறியிரா. ஆனால் உறை கொடுத்தவர் வாங்கியது நூலை அன்று. நம்முடைய நன்மையை வாழ்த்திவிட்டுப் போனார், அவ்வளவே. மொய் எழுதியவர் மணமக்களின் குடித்தனம் எப்படி நடக்கிறதென்று மறுநாள் வந்து பார்ப்பதில்லையே! என் நாவல் வெளியாகிய மறு ஆண்டில், ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் பரிசு வழங்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். பரிசுப் பொருள்களில் ஒன்று என் நாவல். முதற் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பிரமுகரின் பெயரைக் குறித்து, 'என்றும் நன்றியுடன்' என்று நானே இட்ட கையெழுத்து அங்கே இருந்தது. சாக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சிறுவனுக்கு அதை என் கையாலேயே கொடுத்தேன். அவன் உள்ளபடியே ஓடிச் சம்பாதித்தவன் என்ற ஆறுதல் எனக்கு இருந்தது.

எழுதியவனே தன் நூலுக்குப் பொருள் தேடும் துன்பம் நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, நூல் வெளிவருமுன் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி, அந்தக் கையொப்பங்களின் பலத்தில் அச்சுச் செலவைத் தாங்கினார். அந்தக் கையொப்பத்துக்கும் நம் உறைக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். கையொப்பமிட்டவர் இன்னதொரு நூல் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தவர். அவர் நூலுக்காகக் காத்திருந்தார். உறை கொடுப்பவருக்காகவோ நாம் காத்திருக்கிறோம்.

பாரதியார் 1920இல் கடையத்திலிருந்துகொண்டு, தம் நூல்களை நாற்பது பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பதினாயிரம் பிரதி அச்சிடுவது என்று திட்டம் தீட்டி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் செல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. பணம் வரவில்லை, மறு ஆண்டில் அவரே இல்லை. கணக்குத் தெரியாத கவியின் கனவு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிப்பவன் எங்கோ இருக்கிறான், அவன் வீட்டு வாசல் வரையில் நூல் போகவேண்டும் என்பதை, அச்சுக் கூலியைப் பற்றி நினைப்பதற்கு முன்னரே அவர் நினைத்திருக்கிறார்.

அந்த நினைப்பைக் காரியமாக்கிக் காட்டியவர் ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்துக்குச் சென்று படிக்காதவரும், தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருத்தியிடம் வாயாற் சொல்லி எழுதச் செய்தவருமான வை. மு. கோதைநாயகி அம்மாள், 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையைத் தாமே ஏற்று, அதில் தம் 'வைதேகி'யைத் தொடராக வெளியிட்டார். தொடரைப் படித்தவர் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்தார்கள்; காத்திருந்தவர்கள் சந்தாதாரர்கள் ஆனார்கள்; அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களும் அந்த வாசகர்களை நம்பியே புறப்பட்டன. டாக்டர் மு. வரதராசனாரும் தம் நாவல்களைத் தாமே 'தாயக வெளியீடு' என்ற பெயரில் பிரசுரித்து, விற்பனையைப் பாரி நிலையத்திடம் ஒப்படைத்தார். நம் தாய்மாரும் தமக்கையரும் எந்த எழுத்தாளரின் நாவலைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்களோ, அவரே ஒரு தன்வெளியீட்டாளர் என்பதை எண்ணும்போது, நம்முடைய நிலைமை இழிவானதென்று தலைகுனிய வேண்டுவதில்லை.

இந்நாட்டுத் தமிழின் முதல் நாவல் என்று பலராலும் கொள்ளப்படுவது, க. வெங்கடரத்தினம் எழுதி 1917இல் வெளிவந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. அதே 1917இல், லண்டனுக்கு அருகில் ரிச்மண்டில், வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவரும் ஒரு சிறிய கை அச்சு யந்திரத்தை வாங்கித் தம் வீட்டு உணவு மேசைமீது வைத்துத் தம் கதைகள் இரண்டைத் தாமே அச்சுக் கோத்து வெளியிட்டார்கள். அச்சிட்டவை ஏறத்தாழ 150 பிரதிகள். அவற்றையும் முன்பே எழுதிக் கேட்டுக்கொண்ட நண்பர்களுக்குத்தான் அனுப்பினார்கள். பிற்காலத்தில் உலகமறிந்த பதிப்பகமாக வளர்ந்தது, 150 பேருக்காகத் தொடங்கிய அந்தக் காரியமே. நாம் 500 அச்சிட்டுவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் நிற்கிறோம்.

முற்காலத்தில் நம் எழுத்தாளனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' முதலிய நாளிதழ்களின் ஞாயிறு மலர்களில் அவன் பெயர் அடிக்கடி வந்துகொண்டிருக்கும். 1950ஆம் ஆண்டு வாக்கில் அதே நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தி, எழுதுகிறவர்களை மட்டுமல்லாமல், எழுத்தைத் தரம் பார்த்துப் படிக்கிறவர்களையும் ஒருங்கே உண்டாக்கினார்கள். 2019இல் நேசன் நின்றது. எஞ்சியுள்ள இதழ்களைக் கையில் எடுத்துப் படிக்கும் வீடுகளும் குறைந்து வருகின்றன. பத்திரிகை நமக்காக இலவசமாகச் செய்துகொடுத்த வேலையை இனி நாமே செய்தாக வேண்டும். 2007இல் 'வல்லினம்' இதழைத் தொடங்கிய ம. நவீன் முதலிய இளைஞர்கள் இதைச் சரியாகவே உணர்ந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் முதலில் இதழையும், இதழின் வழியே வாதாடுகிற வாசகர் கூட்டத்தையும் உண்டாக்கினார்கள். நாவல்கள் பின்னர் வந்தன. கோதைநாயகி அம்மாள் போட்ட பாதைதான் அது.

இனி, எழுதுவதையும் அச்சிடுவதையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எழுத நமக்கு விஷயப் பஞ்சம் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி அதே ரயில் பாதையின் துயரத்தை 'நினைவுச்சின்ன'மாகவும், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தெற்கே ஓடும் ஆற்றின் கரை வாழ்க்கையை 'லங்காட் நதிக்கரை'யாகவும் எழுதினார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் ஒன்றே பல நாவல்களுக்குப் போதும். குறை விஷயத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதுகிறவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

மெய்ப்புத் திருத்துவதிலும் அந்த அவசரமே. செலவு குறையும் என்று நம்மிற் பலர் சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் கிள்ளான் துறைமுகத்துக்கு வரவழைக்கிறோம். என் நாவலில், விடியுமுன் தொழிலாளர்கள் பெரட்டுக்குப் போனார்கள் என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் பெயர் கூப்பிடும் அந்த அணிவகுப்பை அறியாத சென்னை நண்பர் ஒருவர், நல்லெண்ணத்தோடு, அதைத் தவறென்று கருதி நூல் முழுவதும் 'புரட்டு' என்று திருத்திவிட்டார். இருபத்து மூன்று இடங்களில் என் தொழிலாளர்கள் அதிகாலையில் எழுந்து, குளித்து, புரட்டுக்குப் போனார்கள்! அவரை நோவதில் பயனில்லை. மெய்ப்பை என் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியவன் நான். உங்களிடம் 1,000 வெள்ளி உபரியாக இருந்தால் அதை மேடை அலங்காரத்துக்குக் கொடாமல், உங்கள் பிரதியை ஈவிரக்கமின்றித் திருத்தக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். அவர் இந்நாட்டுச் சொல்லறிந்தவராக இருக்கட்டும்.

தன்வெளியீட்டாளன் சட்டத்தின் கண்ணில் ஒரு பதிப்பாளன் என்பதையும் மறத்தல் கூடாது. சர்வதேச நூலெண்ணை (ISBN) தேசிய நூலகத்திடம் விண்ணப்பித்துப் பெறவேண்டும். நூல் வெளியானதும் ஐந்து பிரதிகளை அந்நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்கவேண்டும் என்பது 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். அதே சட்டத்தின்கீழ் 2020இல் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் தடைசெய்யப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றி நம்மிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு. பெரிய பதிப்பகத்தின் நிழலில் ஒதுங்க வழியில்லாதவன், தான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் தன் முகவரியோடு பொறுப்பேற்கிறான் என்பதை நினைவூட்டவே இங்கே சொன்னேன்.

கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் விற்கலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். விற்கலாம், விற்கவும் வேண்டும். அமேசான் கிண்டிலில் தமிழ் நூலை எழுதியவனே ஏற்றலாம். விலையில் 35 சதவிகிதமோ, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 70 சதவிகிதமோ அவனுக்குக் கிடைக்கும். கட்டும் இல்லை, கரையானும் இல்லை. ஆனால் கிண்டிலில் ஏற்றிவிட்டதாலேயே வாசகர் வந்துவிடுவார் என்று எண்ணுவது, கட்டிலை மாற்றிப் போடுவதே ஆகும். இந்த நூல் உலகில் இருக்கிறது என்பதை ஒருவர் காதில் யாராவது சொன்னால்தான் அவர் தேடுவார். அந்த யாராவது, முதல் சில ஆண்டுகளுக்கு, எழுதியவனேதான்.

ஏழாம் ஆண்டில், பிள்ளைகள் அறையைக் காலி செய்யச் சொன்ன காரணத்தால், நான் கட்டுகளை வெளியே எடுத்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தம் கடையோரத்தில் ஒரு மடக்கு மேசை போட இடம் கொடுத்தார். ஒவ்வொரு மாலையும் கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறி, பைக்கு இருபது பிரதியாக இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு கிள்ளானில் இறங்குவேன். முறுக்கு மாவுக்கும் ஜவுளிக்கும் அலைமோதும் சனத்துக்கு நடுவே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு நாளும் எனக்கு அவமானமாகவே இருந்தது. தெரிந்தவர் யாராவது தென்பட்டால் பூமாலைகளுக்குப் பின்னால் மறைந்துகொள்வேன்.

மூன்றாம் நாள், எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள் ஒருவர் சாமந்திப்பூ வாங்க வந்து, அட்டையிலிருந்த பால்மரப் படத்தைப் பார்த்து நின்றார். “இது தோட்டத்துக் கதையா தம்பி?” என்று கேட்டார். ஆமென்றேன். விலை 25 வெள்ளி என்றதும் பூவைக் குறைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தபோது, நான் பாராட்டுக்கு ஆயத்தமாக எழுந்து நின்றேன்.

“புரட்டுன்னு போட்டிருக்கே, அது பெரட்டுதானே? அத நான் வெளங்கிக்கிட்டேன். ஆனா மழய மட்டும் ஏத்துக்க முடியல தம்பி” என்றார்.

எந்த மழை என்று எனக்குப் புரியவில்லை. அவர் புத்தகத்தைப் பிரித்து, நடுவே ஒரு பக்கத்தை விரலால் அழுத்திக் காட்டினார். இரவெல்லாம் கொட்டிய மழை விடியலில் ஓய்ந்ததும், என் கதாநாயகி உளியும் வாளியுமாக மர நிரைக்குப் போய்ப் பால்மரம் வெட்டுகிறாள். பாலை ஏந்தும் மங்கில் துளித்துளியாக விழும் பால் அவளுடைய கண்ணீரை ஒத்திருக்கிறது. விழாவில் ஆய்வுரை நிகழ்த்திய அறிஞர் சிறப்பாக எடுத்துக்காட்டிய இடம் அது.

“நனஞ்ச மரத்த யாரு தம்பி வெட்டுவா? பாலு கோட்டுல நிக்குமா? பட்டையெல்லாம் பரவி வழிஞ்சிரும், மங்குல ஒரு சொட்டு விழாது. மழ விட்டாலும் மரம் காயற வரைக்கும் நாங்க லயத்துலதான் குந்தியிருப்போம். அன்னிக்குச் சம்பளம் போச்சேன்னுதான் அழுவோம்.”

அன்பர்களே, சோமா அரங்கத்திலிருந்து சாக்கு ஓட்டம் வரையில் அந்நூல் எத்தனையோ கைகள் மாறியிருந்தது. என் நாவலை ஒருவர் படித்துவிட்டார் என்பதை அந்த மேசையருகில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். சம்பளம் போன அந்த அழுகை, நான் கற்பனை செய்த கண்ணீரைவிட எவ்வளவோ பெரிய விஷயம் என்பதும் அப்போதே விளங்கியது. விற்பனை என்று நாம் கூசிக்கொண்டு சொல்லும் காரியத்தின் சாரம் இதுதான். நூலுக்கு உரியவரைத் தேடிச் செல்கிறோம். அவர் வாங்குவதோடு நிற்பதில்லை, நாம் எழுதாமல் விட்டதையும் நமக்குத் தருகிறார். அந்த மூன்று வாரத்தில் தொண்ணூற்றிரண்டு பிரதிகள் போயின. எஞ்சியவற்றைத் தமிழாசிரியர்கள், வாசக வட்டத்தார், கோயில் நூலகத்தார் என்று தேடித் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர்களில் விருப்பமுள்ளவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர்கள்தாம் என் கையொப்பக்காரர்கள். இரண்டாம் பதிப்பு வருகிறது என்று அவர்களுக்கு அறிவித்தபோது, அச்சேறுமுன்னரே 140 பேர் பணம் அனுப்பினார்கள். விழா நடத்தவில்லை. விழா வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன், நடத்துங்கள். உறையை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாட் காலையில் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதியிருந்தேன். மழை நிற்கிறது, மரம் காயவில்லை. லயத்துக் குடியிருப்பின் வாசலில் குந்தியிருக்கும் பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதற் பிரதியைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூக்கடை வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, உதடு அசைய மெல்லப் படித்தார். பின்னே பூ வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினார்.

“இது சரி” என்று சொல்லி, சுருக்குப்பையை அவிழ்க்கத் தொடங்கினார். இது என் அன்பளிப்பு, பணம் வேண்டாம் அம்மா என்று தடுத்தேன்.

“ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டேனே. இது என் தங்கச்சிக்கி. அவளும் மரம் வெட்டினவதான். பணத்தப் பிடிங்க தம்பி” என்றார்.

பிடித்துக்கொண்டேன்.